பவர்ஸ்கோர்ட் நகர மாளிகை, டப்ளின்

பவர்ஸ்கோர்ட் நகர மாளிகை அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், சவுத் வில்லியம் தெருவில் உள்ள 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1771 முதல் 1774 வரை ஒரு பிரபுவின் குடியிருப்பாகக் கட்டப்பட்டது. 1807இல் அரசின் முத்திரைத்தாள் அலுவலகமாகவும், 1835க்குப் பின் துணி மொத்த வணிகர்களின் கிடங்காகவும் மாறியது. 1981 முதல் கடைகளும் உணவகங்களும் அடங்கிய வணிக வளாகமாக இருந்து வருகிறது. கருங்கல் முகப்பு, செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மகோகனி மரப் படிக்கட்டு, இரண்டு வேறு பாணிகளில் அமைந்த சுதை வேலைப்பாடு, பின்புறத்தில் கண்ணாடிக் கூரை போட்டு மூடப்பட்ட பெரிய முற்றம் ஆகியவை இதன் சிறப்புகள்.

பழைய மாளிகைகளைக் கடைகளாக மாற்றும்போது பெரும்பாலும் முகப்பு மட்டும் மிஞ்சும். உள்ளே எல்லாம் புதிதாகிவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை. படிக்கட்டும் கூரைச் சுதையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அது எப்படி முடிந்தது என்பதைக் கட்டடத்தின் அமைப்பை வைத்தே விளக்க முடியும்.

நகர மாளிகை என்பது என்ன

18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் பெருநிலக்கிழார்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. நிலத்தின் நடுவே, பூங்காவும் தோட்டமும் சூழ்ந்த நாட்டுப்புற மாளிகை ஒன்று. தலைநகரில் இன்னொன்று. அக்காலத்தில் டப்ளினில் அயர்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் இருந்தது. அதன் கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு நகரத்துக்கு வந்து தங்குவார்கள். விருந்து, நடனம், இசை, அரசியல் பேச்சு எல்லாம் அந்தச் சில மாதங்களில்தான். ஆகவே நகர மாளிகையில் படுக்கையறைகளைவிட வரவேற்பு அறைகளுக்கே முதலிடம். வருகிறவர் எந்த வாசலில் நுழைய வேண்டும், எந்தப் படியில் ஏற வேண்டும், எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவு செய்யப்பட்டிருக்கும்.

இந்த மாளிகையைக் கட்டியவர் மூன்றாம் பவர்ஸ்கோர்ட் வைகவுண்ட் ரிச்சர்ட் விங்ஃபீல்ட் (1730–1788). வைகவுண்ட் என்பது பிரபு வரிசையில் ஏர்லுக்கு அடுத்த நிலை. ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்துப் பாரிஸ் நகரத்து நாகரிக உடைகளோடு ஊர் திரும்பியதால் இவரைப் 'பிரெஞ்சு ஏர்ல்' என்று அழைத்தார்கள். உண்மையில் இவர் ஏர்ல் அல்லர். பட்டப்பெயர் கொடுக்கும்போது ஊர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகை டப்ளினுக்குத் தெற்கே விக்லோ கவுண்டியில், என்னிஸ்கெரி என்ற ஊருக்கு அருகில் இருக்கிறது. அதை 1730களில் வடிவமைத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் காசெல்ஸ்.

முகப்பு

நகர மாளிகையை வடிவமைத்தவர் ராபர்ட் மாக். டப்ளினின் ஜார்ஜியக் கால வீடுகள் (அதாவது 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகள்) பெரும்பாலும் சிவப்புச் செங்கல்லால் ஆனவை. அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பவை. உள்ளே எவ்வளவு செல்வம் இருந்தாலும் வெளியே எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். பவர்ஸ்கோர்ட் மாளிகை அந்த வரிசையில் சேராமல் தனித்துத் தெரிய வேண்டும் என்றே கட்டப்பட்டது. விக்லோவில் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்திலிருந்து கருங்கல் வெட்டி, மலைப்பாதையில் வண்டியேற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

நிலவறைக்கு மேல் மூன்று தளங்கள். தெருவிலிருந்து படியேறித்தான் தலைவாசலை அடைய முடியும். மேலே, கூரை மட்டத்தையும் தாண்டி, நடுவில் ஒரு கனமான கல் மாடம் எழும்புகிறது. அதன் இருபுறமும் சுருள் வடிவக் கல் தாங்கிகள். டப்ளின் விரிகுடாவைப் பார்க்கும் நோக்கு மாடமாக அது அமைக்கப்பட்டதாகச் சொல்வர்.

முகப்பின் இரு பக்கமும் வளைவு வாயில்கள் உண்டு. ஒன்று சமையற்கட்டுப் பக்கம் போகும் வழி. மற்றொன்று குதிரை லாயத்துக்குப் போகும் வழி. இவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. வரிசை வீட்டில் சாமான் வரும் வழியும் குதிரை வரும் வழியும் பின்சந்தில் இருக்கும். இங்கே மூன்று வழிகளும் தெருவை நோக்கியே அமைந்தன: நடுவில் விருந்தினர், இருபுறமும் வேலை. இந்தப் பிரிவு 200 ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டடத்துக்கு உதவியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முகப்பில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சவுத் வில்லியம் தெரு குறுகியது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாலும் கழுத்தை நன்றாக அண்ணாந்தால்தான் மேல்மாடம் தெரியும். அகலமான சதுக்கத்தின் எதிரே நிற்க வேண்டிய முகப்பு ஒரு சிறு தெருவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. மாக்கின் வடிவமைப்பு கொஞ்சம் கனம் கூடியது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கனத்தில் குறை தெரியவில்லை. தூரம் இல்லாததுதான் குறை.

படிக்கட்டும் சுதையும்

உள்ளே நுழைந்ததும் முன்கூடம். அதைத் தாண்டினால் மகோகனிப் படிக்கட்டு. அயர்லாந்தில் இன்றும் எஞ்சியிருக்கும் மிக விரிவான மரப் படிக்கட்டுகளில் இது ஒன்று. கைப்பிடியைத் தாங்கும் சிறு தூண்களைச் செதுக்கியவர் பெயர் இக்னேஷியஸ் மக்டோனா. பிரபுவின் பெயரும் கட்டடக்கலைஞரின் பெயரும் நிலைப்பது வழக்கம். மரச் செதுக்குக்காரரின் பெயர் 250 ஆண்டு நிலைத்திருப்பது அபூர்வம். எனவே அதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

சுதை என்றவுடன் நமக்குக் கோபுரத்துப் பொம்மைகள் நினைவுக்கு வரும். டப்ளின் சுதை உள்ளறைக்கானது. சுண்ணாம்பு, மணல், விலங்கு மயிர், ஜிப்சம் முதலியவற்றைக் கொண்டு சுவரிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் புடைப்பாகச் செய்யப்பட்டு, வெளிர் நிறம் பூசப்படும். 18ஆம் நூற்றாண்டு டப்ளின் இந்தக் கலையில் பேர்பெற்ற நகரம்.

பவர்ஸ்கோர்ட் மாளிகையில் வேலை செய்த சுதைக் கலைஞர்களில் இருவர் முக்கியமானவர்கள். முன்கூடமும் படிக்கட்டுக் கூடமும் ஜேம்ஸ் மக்குல்லாவின் வேலை. அது ரொக்கோக்கோ பாணி: இலைச்சுருளும் கொடியும் கட்டுக்கு அடங்காமல் சுவரில் படரும். ஈரச் சுதையை அந்த இடத்திலேயே கையால் பிடித்து உருவாக்குவதால் ஓர் இலை இன்னோர் இலை போல் இருக்காது. மாடியில் உள்ள வரவேற்பு அறைகளும் நடன அறையும் மைக்கேல் ஸ்டேப்பிள்டனின் வேலை. அது புதுச்செவ்வியல் பாணி: வட்டம், நீள்வட்டம், விசிறி என்று கணக்காகப் பிரித்த கூரை, மெல்லிய, தாழ்ந்த புடைப்பு. இதில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை அச்சில் வார்த்து ஒட்டுவார்கள். லண்டனில் ராபர்ட் ஆடம் பரப்பிய பாணியின் டப்ளின் வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. 1770களின் தொடக்கத்தில் பழைய பாணி போய்ப் புதிய பாணி வந்துகொண்டிருந்தது. படியேறும்போது ஒரு நாகரிகம். மாடி அறைக்குள் கால் வைத்ததும் அடுத்த நாகரிகம். மாணவர்களுக்கு இந்த இரண்டு பாணிகளின் வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. ஸ்டேப்பிள்டன் பிற்பாடு டப்ளினின் முதன்மைச் சுதைக் கலைஞராக உயர்ந்தார். அவருடைய தொழில் வரைபடங்கள் அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. அவர் அலங்கரித்த இன்னொரு மாளிகையான பெல்வெடியர் இல்லம் 1841இல் பள்ளிக்கூடமாயிற்று. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் படித்தது அங்கேதான்.

பிரபு போனபின்

1788இல் மூன்றாம் வைகவுண்ட் இறந்தபோது அவரது உடல் இந்த மாளிகையில் இரண்டு நாள் வைக்கப்பட்டது. பொதுமக்களும் உள்ளே வந்து பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். அதன்பின் 12 ஆண்டுகளில் மாளிகைக்கு வேலையே இல்லாமற்போகும் நிலை வந்தது. 1800ஆம் ஆண்டு இணைப்புச் சட்டப்படி அயர்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, 1801 முதல் லண்டன் நாடாளுமன்றத்தோடு சேர்க்கப்பட்டது. கூட்டத்தொடரே இல்லாத நகரத்தில் பிரபுவுக்கு வீடு எதற்கு? அடுத்தடுத்து மாளிகைகள் விலைக்கு வந்தன. நாடாளுமன்றக் கட்டடத்தையே அயர்லாந்து வங்கி வாங்கிக்கொண்டது.

பவர்ஸ்கோர்ட் மாளிகையை 1807இல் அரசு 15,000 பவுனுக்கு வாங்கி முத்திரை வரி ஆணையர்களிடம் கொடுத்தது. பத்திரங்களுக்கு முத்திரைத்தாள் வாங்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அங்கே அன்று செய்தித்தாளுக்குக்கூட முத்திரை வரி இருந்தது. அலுவலகத்துக்கு எழுத்தர்கள் உட்கார அறைகளும், தாள்களை வைக்க இடமும் தேவைப்பட்டன. வடிவமைக்க வந்தவர் ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன். நாடாளுமன்றத்தை வங்கியாக மாற்றியவரும், பின்னாளில் 1916 எழுச்சியின் மையமாக விளங்கிய பொது அஞ்சல் நிலையத்தைக் கட்டியவரும் அவரே.

ஜான்ஸ்டன் மாளிகைக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஒரு முற்றத்தைச் சுற்றிச் செங்கல் கட்டடங்களை எழுப்பினார். பின்பக்கத்துக் கிளாரண்டன் தெருவில் கடிகாரமும் மணிக்கூண்டும் அமைத்தார். இந்த வளாகத்தின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு இதுவே என்பது என் கருத்து. அலுவலகத்தின் அன்றாட வேலைக்கான இடம் முற்றத்தைச் சுற்றிக் கிடைத்துவிட்டதால், முன்னால் உள்ள அறைகளைக் குறுக்குச்சுவர் வைத்துச் சிறு சிறு அறைகளாக வெட்டும் நெருக்கடி குறைந்தது. விருந்துக்கு முன்புறம், வேலைக்குப் பின்புறம் என்று மாக் வகுத்த பிரிவை ஜான்ஸ்டன் அலுவலகத்துக்கும் பொருத்தினார்.

1835இல் அரசு இதை ஃபெரியர் பொல்லாக் என்ற துணி மொத்த வணிக நிறுவனத்துக்கு விற்றது. நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாக இங்கேயே இருந்தது. கிடங்கு என்றதும் கட்டடம் பாழாகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முதலாளிகளும் ஊழியர்களும் இதைப் பெருமையோடு காத்து வந்தார்கள். தவிர, கிடங்குக்கு ஒரு நற்குணம் உண்டு: அது எதையும் நாகரிகப்படுத்தாது. வீடாகவே தொடர்ந்திருந்தால் விக்டோரியா காலத்தில் ஒருவர் கூரையை மாற்றியிருப்பார்; அடுத்தவர் படிக்கட்டைப் பிடுங்கியிருப்பார்.

1981ஆம் ஆண்டு மாற்றம்

இந்த மாற்றத்தின் அருமை புரிய அக்கால டப்ளினை அறிந்திருக்க வேண்டும். 1960களில் மின்வாரியம் தன் தலைமை அலுவலகத்துக்காக லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 ஜார்ஜிய வீடுகளை வரிசையாக இடித்தது. 1970களிலும் இடிப்புகளும் அவற்றை எதிர்த்த போராட்டங்களும் தொடர்ந்தன. பிரபுக்களின் வீடுகள் அடக்குமுறைக் காலத்தின் மிச்சங்கள், அவை போனால் என்ன என்று கேட்டவர்கள் அரசியலிலேயே இருந்தார்கள். இதற்கிடையில் 1974 நவம்பரில், அப்போது வேறு குடும்பத்தின் கைக்குப் போயிருந்த விக்லோ மாளிகை தீப்பிடித்து உள்ளே முழுவதும் எரிந்துபோனது. பவர்ஸ்கோர்ட் பெயர் தாங்கிய இரு வீடுகளில் 18ஆம் நூற்றாண்டின் உள் அலங்காரம் எஞ்சியது நகர வீட்டில் மட்டுமே.

ஃபெரியர் பொல்லாக்கின் கையிலிருந்து கட்டடம் போனபிறகு, கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் டூமியின் வடிவமைப்பில் அது வணிக வளாகமாக்கப்பட்டு 1981இல் திறக்கப்பட்டது. செய்த வேலையின் சாரம் எளியது. ஜான்ஸ்டனின் திறந்த முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டார்கள். முற்றத்தைச் சுற்றி மாடிகளில் மர நடைமாடங்கள் அமைத்தார்கள். சுற்றுச் சுவர்களின் திறப்புகள் கடை வாசல்களாயின. முற்றத்தின் நடுவில் உணவகம்.

இன்று அங்கே காபி குடிப்பவர் உட்கார்ந்திருப்பது உண்மையில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில். அவரைச் சூழ்ந்துள்ள செங்கல் சுவர்கள் வெளிச்சுவர்கள். 170 ஆண்டுகள் மழையில் நனைந்தவை. இந்த உணர்வு கூரைக்கு அடியிலும் மறையவில்லை. அங்கே மங்கலான விளக்கு வெளிச்சம் இல்லை, வானத்து வெளிச்சம்தான். டப்ளினில் மழை அடிக்கடி வரும் என்பதால், மூடிய முற்றம் வணிகத்துக்கும் நல்ல ஏற்பாடு.

முன்புற மாளிகையில் பிரச்சினை வேறு. கடைக்காரருக்குத் தரைத்தளமே பொன்; மாடி ஏற ஏற வாடகை குறையும். 18ஆம் நூற்றாண்டு மாளிகையிலோ இதற்கு நேர்மாறு. மிக உயர்ந்த கூரையும் மிகச் சிறந்த சுதையும் முதல் மாடியில்தான் இருக்கும். கூட்டம் வராத இடத்தில் விலைமதிப்பற்ற அறை. அங்கே என்ன விற்பது? இப்படிப்பட்ட அறைகளுக்குப் பொருத்தமானவை ஓவியக்கூடம், வடிவமைப்பாளர் உடைகள், மணப்பெண் உடைகள் போன்ற நிதானமான வியாபாரங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தாலும் போதும். வருகிறவர் தேடிக்கொண்டு வருவார், படியேறத் தயங்கமாட்டார். அறையின் அழகு அந்தப் பொருளின் மதிப்பையும் கூட்டும். காய்கறிக் கடைக்கோ பாத்திரக் கடைக்கோ அந்த அறை பயன்படாது.

அறைகளை வெட்டவும் முடியாது. ஸ்டேப்பிள்டனின் கூரை அறை முழுவதுக்குமான ஒரே கோலம். நடுவில் தடுப்பு வைத்தால் கோலம் இரண்டாகிப் பொருளற்றுப்போகும். கூரையில் விளக்குச் சட்டமும் பெயர்ப்பலகையும் தொங்கவிட்டாலும், சுவரில் அலமாரிக்குத் துளை போட்டாலும் சுதைக்குக் கேடு. ஆக, இந்த அறைகளை வாடகைக்கு எடுப்பவர் கடையை அறைக்கு ஏற்ப அமைக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக நடப்பது இதற்கு மாறு.

இழந்தவை

எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று சொல்வது சரியாகாது. சமையற்கட்டு, லாயம், வேலைக்காரர்கள் புழங்கிய இடங்கள் ஆகியவற்றின் வாழ்க்கையை இன்று வருகிறவர் உணர வழியில்லை. சுதையையும் மகோகனியையும் காப்பது எளிது, ஏனென்றால் அவை அழகு. அடுப்படிக்கு அப்படி வாதாட ஆள் கிடைப்பதில்லை. இந்த மாளிகையை நடத்திய உழைப்பின் தடயம் அந்த இரண்டு வளைவு வாயில்களில் மட்டுமே தெருவுக்குத் தெரிகிறது.

அறைகளின் வரிசையும் அறுந்துவிட்டது. விருந்தினர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதவு கதவாகப் போவதற்காகவே அந்த மாடி அமைந்தது. தனித்தனிக் கடைகளுக்குத் தனித்தனிப் பூட்டு வேண்டும். பாதை மறைந்தபின் ஒவ்வோர் அறையும் அழகான பெட்டியாக மட்டும் நிற்கிறது. இது கடைகளாக மாற்றியதற்குக் கொடுத்த விலை. அந்த விலை அதிகம் என்று நான் நினைக்கவில்லை. டப்ளினின் மற்றொரு பெரிய மாளிகையான ஆல்ட்பரோ இல்லம் பள்ளி, படைமுகாம், அஞ்சல் துறைக் கிடங்கு என்று மாறி மாறிக் கடைசியில் கைவிடப்பட்டுச் சிதைந்தது. நாள்தோறும் ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். பூட்டிய மாளிகையில் அது தெரியும்போது சுதை தரையில் கிடக்கும்.

பார்ப்பவர்களுக்கு

பெரும்பாலோர் கிராஃப்டன் தெருவிலிருந்து ஜான்சன்ஸ் கோர்ட் என்ற சந்து வழியாகக் கிளாரண்டன் தெருவுக்கு வந்து, பின்வாசலில் நுழைந்து முற்றத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கட்டடத்தைப் புரிந்துகொள்ள இது தலைகீழ் வழி. சவுத் வில்லியம் தெருப் பக்கம் சென்று, எதிர் நடைபாதையில் நின்று முகப்பையும் வளைவு வாயில்களையும் பார்த்தபின் கல் படி ஏறித் தலைவாசலில் நுழைவது நல்லது. முன்கூடத்தில் நின்று மக்குல்லாவின் சுவர்களைப் பார்க்க வேண்டும். படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடித் தூண்களை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். மாடியில் கடை திறந்திருந்தால் உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். பிறகு முற்றத்துக்கு இறங்கினால், கல்லிலிருந்து செங்கல்லுக்கும், பிரபு வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கட்டடம் மாறும் இடம் தானாகத் தெரியும். கிளாரண்டன் தெரு வழியாக வெளியேறும்போது திரும்பிப் பார்த்தால் ஜான்ஸ்டனின் மணிக்கூண்டு மேலே நிற்கும்.